கைப்பேசி விளையாட்டில் பேசாத நோயாளி: மலாக்காத் தோட்டத் தமிழை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

தாதியர் பயிற்சி மாணவர்க்கும் உதவி மருத்துவ அதிகாரிப் பயிற்சி மாணவர்க்கும் கணினி, கைப்பேசி விளையாட்டுகளின் வழிப் பாடம் கற்பிக்கும் முறை கடந்த இருபது ஆண்டுகளில் பல நாடுகளில் வேரூன்றியுள்ளது. மருத்துவக் கல்வியாளர்கள் இவ்விளையாட்டுகளைத் தேர்வு மதிப்பெண்ணையும் செயல்திறனையும் கொண்டு அளந்துள்ளனர். ஆயின் இவை பனுவல்களும் ஆகும். இவற்றில் களம் உண்டு, மாந்தர் உண்டு, நிகழ்ச்சிக் கோவை உண்டு. ஒரு பனுவல் யாரைப் பேச வைக்கிறது, யாரைப் பேசாதிருக்கச் செய்கிறது என்பது திறனாய்வாளர் கேட்க வேண்டிய வினா. அவ்வினாவை இவ்விளையாட்டுகளை நோக்கி எழுப்புவதும், மலாக்கா மாநிலத் தோட்டங்களிலும் சிற்றூர்களிலும் வழங்கும் தமிழின் துணைகொண்டு அதற்கு விடை காண முயல்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விளையாட்டும் பயிற்சியும்

விளையாட்டின் வழிக் கற்பித்தல் தமிழர்க்குப் புதிதன்று. வைகுண்ட ஏகாதசி இரவில் ஆடப்பெற்ற பரமபதம் இதற்குத் தக்க சான்று. நற்செயல் ஏணியாகவும் தீச்செயல் பாம்பாகவும் அமைந்த அப்படம், அறத்தைச் சொற்பொழிவாக அன்றி ஏற்ற இறக்கமாகக் கற்பித்தது. மேலைநாட்டில் கிளார்க் ஆப்ட் 1970ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் 'நோக்கமுடைய விளையாட்டு' என்னும் கருத்தாக்கத்திற்கு வழிவகுத்தது. இயன் போகோஸ்ட் 2007இல் வெளியிட்ட நூலில், ஒரு விளையாட்டு தன் கருத்தைப் படத்தாலும் சொல்லாலும் உணர்த்துவதைவிடத் தன் விதிகளாலேயே வலுவாக உணர்த்துகிறது என்று வாதிட்டார். எதற்கு மதிப்பெண் தரப்படுகிறதோ அதுவே முக்கியமானது என ஆடுபவர் கற்றுக்கொள்கிறார். எதற்கு விதியே இல்லையோ அது உலகில் இல்லாதது போலாகிவிடுகிறது. மருத்துவப் பயிற்சி விளையாட்டுகளைத் திறனாய்வு செய்வதற்கு இக்கருத்து பெரிதும் பயன்படும்.

நான்கு விளையாட்டுகள்

பரவலாக ஆராயப்பட்ட நான்கு விளையாட்டுகள் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. அவற்றுள் இரண்டு கணினிக்காகவும் இரண்டு கையடக்கக் கருவிகளுக்காகவும் உருவானவை.

முதலாவது, பிரித்தானியாவில் உருவான 'டிரையாஜ் டிரெய்னர்'. பேரிடர்க் களத்தில் காயமுற்றோரை அவசர நிலைக்கேற்பத் தரம் பிரிப்பதை இது பயிற்றுவிக்கிறது. 2010இல் வெளியான ஆய்வொன்றில் 91 பேர் கலந்துகொண்டனர். ஒரு பகுதியினர் சீட்டுகளைப் பிரித்துப் பழகினர். மறுபகுதியினர் இவ்விளையாட்டை ஆடினர். பின்னர் நடத்தப்பட்ட சோதனையில் விளையாட்டை ஆடியோர் மிகுதியான காயமுற்றோரைச் சரியாகத் தரம் பிரித்தனர்; எடுத்துக்கொண்ட நேரத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

இரண்டாவது, பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தீபிகா மோகன் குழுவினர் ஆராய்ந்த 'நைட் ஷிஃப்ட்'. ஐபேடில் ஆடப்படும் இது ஒரு கதை. காணாமற்போன பாட்டனாரின் மர்மத்தைத் துலக்க முயலும் இளம் மருத்துவர் ஒருவர் சிறிய மருத்துவமனையில் பணியேற்கிறார்; அவருடைய தவறான முடிவுகளின் விளைவு உடனுக்குடன் அவர் கண்முன் வருகிறது. 2017இல் வெளியான ஆய்வில் 368 அவசரப் பிரிவு மருத்துவர்கள் பங்கேற்றனர். கடுங்காயமுற்றோரை உரிய சிகிச்சை மையத்திற்கு அனுப்பத் தவறும் விகிதம், பாடநூல் வகைச் செயலிகளைப் பயன்படுத்தியோரிடம் 64 விழுக்காடாகவும் கதை விளையாட்டை ஆடியோரிடம் 53 விழுக்காடாகவும் இருந்தது. கதை கேட்டவர் விதியைப் படித்தவரைவிட நன்றாகத் தீர்மானித்தார் என்பது இலக்கியம் கற்பிப்போர் மகிழத்தக்க முடிவாகும்.

மூன்றாவது, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகமும் கென்யாவின் கெம்ரி-வெல்கம் ஆய்வுத் திட்டமும் இணைந்து உருவாக்கிய 'லைஃப்'. மூச்சு விடாத பச்சிளங்குழந்தையை மீட்கும் படிமுறைகளை எளிய கைப்பேசியிலேயே தாதியர் பழகிக்கொள்ள இது வகைசெய்கிறது. விலை மிக்க பயிற்சிப் பொம்மைகளும் பயிற்றுநரும் எட்டாத சிற்றூர் மருத்துவமனைகளை எண்ணி உருவாக்கப்பட்ட இதன் நோக்கம் போற்றத்தக்கது.

நான்காவது, நம் அண்டை நாடான சிங்கப்பூரின் தேசியப் பல்கலைக்கழகத் தாதியியல் துறையில் உருவானது. குருதி ஏற்றும் முறையைப் பாதுகாப்பாகச் செய்வதற்கு இது பயிற்சி தருகிறது. 2017இல் வெளியான ஆய்வில் 103 மாணவர் கலந்துகொண்டனர். விளையாடியோரின் அறிவும் தன்னம்பிக்கையும் உயர்ந்தன. ஆயினும் செயல்முறைத் தேர்வில், விளையாடியோர்க்கும் விளையாடாதோர்க்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. திரையில் பெற்ற தெளிவு படுக்கையருகே முழுமையாகச் சென்று சேரவில்லை என்பது இதனால் தெரியவருகிறது.

பேசாத நோயாளி

இந்நான்கினையும் ஒருசேர வைத்து நோக்குமிடத்து ஒரு பொதுத்தன்மை புலப்படும். பேரிடர்க் களத்தில் தரம் பிரிப்பவர் பார்ப்பவை நடை, மூச்சு, நாடித்துடிப்பு முதலியன. பச்சிளங்குழந்தைக்கோ சொல்லே இல்லை. இளம் மருத்துவரின் கதையில் நோயாளிகள் அவருடைய தீர்மானத்தைத் திருத்துவதற்காக வந்துபோகும் துணைமாந்தராக நிற்கின்றனர். குருதி ஏற்றும் பாடத்தில் படிமுறையே தலைமை பெறுகிறது. எந்த நோயாளிக்குப் பேச்சு தேவையில்லையோ, அந்த நோயாளியை இவ்விளையாட்டுகள் சிறப்பாகக் கையாள்கின்றன. நோயாளி தம் துன்பத்தைச் சொல்ல, அதனைக் கேட்டுப் பொருள் காணும் திறன் இவற்றுள் எதற்கும் மைய நோக்கமாக அமையவில்லை.

இதனைக் குறையென்று மட்டும் கூறுதல் நேர்மையாகாது. ஒவ்வொரு விளையாட்டும் தான் எடுத்துக்கொண்ட சிறிய பணியைச் செய்கிறது. ஆனால் இவற்றின் வெற்றியைக் கண்டு, தாதியர் பயிற்சி முழுவதையும் கைப்பேசிக்குள் அடக்கிவிடலாம் எனக் கருதுவோர் இந்த எல்லையை உணர்தல் வேண்டும். குருதி ஏற்றும்போது ஒவ்வாமை தோன்றினால், 'குளிருது', 'முதுகு வலிக்குது', 'நெஞ்சை அடைக்குது' என்று நோயாளியே முதலில் கூறக்கூடும். அக்கூற்று எம்மொழியில் எவ்வாறு வரும் என்பதும் பாதுகாப்பின் ஒரு பகுதியேயாகும்.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் இவ்விடத்தில் நமக்கு ஓர் அளவுகோலைத் தருகிறது. மருத்துவம் செய்வோர் கருத வேண்டியவை மூன்று என அங்குக் கூறப்படுகிறது: நோயுற்றவரின் அளவு, நோயின் அளவு, காலம். இம்மூன்றனுள் நோயுற்றவர் முதலில் வைக்கப்பட்டிருத்தல் நோக்கத்தக்கது. கைப்பேசி விளையாட்டில் நோயின் அளவு மதிப்பெண்ணாகிறது. காலம் திரையின் மூலையில் ஓடும் கடிகாரமாகிறது. நோயுற்றவரின் அளவுக்கு மட்டும் விதி இல்லை. அதே அதிகாரத்தின் இறுதிக் குறள், நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு 'உழைச்செல்வான்' என்பவரையும் மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் ஒன்றாக எண்ணுகிறது. அருகிருந்து தொண்டாற்றும் இவரே இன்றைய தாதி எனலாம். அருகிருப்பவர்க்குக் கேட்டல் முதற்கடமை.

மலாக்காவில் கேட்பவரும் சொல்பவரும்

இப்பொதுக் கருத்தை ஓரிடத்தில் பொருத்திப் பார்த்தல் வேண்டும். மலாயாவில் வணிக நோக்கிலான இரப்பர் பயிரீடு 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் என்பவரால் தொடங்கப்பெற்றது. பின்னர் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் உருவாயிற்று. இரப்பரோடு தமிழ்த் தொழிலாளரும் பெருகினர். அவர்களுக்கு நோய் வந்தபோது முதலில் கண்டது மருத்துவரை அன்று; தோட்ட மருத்துவமனையின் 'டிரசர்' அல்லது 'எச்.ஏ.' என்பவரையே. இவர்களது பணி தோட்ட மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டத்தின்கீழ் 1965இல் முறைப்படுத்தப்பட்டது. பெரும்பாலும் இவர்கள் தொழிலாளரின் பேச்சை அறிந்தவர்கள். லயத்தில் வாழும் ஒருவர் 'உடம்பெல்லாம் கடுப்பு' என்றால் அது காய்ச்சலின் கடுப்பா, வெட்டுக்காட்டில் குனிந்து நிமிர்ந்த கடுப்பா எனப் பிரித்தறியும் பழக்கம் அவர்களுக்கு இருந்தது. பாடநூலில் இல்லாத அப்பயிற்சியை அவர்கள் தோட்டத்திலேயே வாழ்ந்து பெற்றனர்.

இன்று நிலை வேறு. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் வீடமைப்புப் பகுதிகளாகியும் போயின. தோட்டத்து மக்கள் அலோர் காஜா, ஜாசின், மெர்லிமாவ், மஸ்ஜித் தானா முதலிய ஊர்களிலும் மலாக்கா நகரின் புறத்தேயும் குடியேறினர். நோயுற்றால் அரசு மருந்தகத்திற்கும், அலோர் காஜா, ஜாசின் மாவட்ட மருத்துவமனைகளுக்கும், மலாக்கா மருத்துவமனைக்கும் செல்கின்றனர். அங்கு அவர்களை வரவேற்கும் 'மிஸ்ஸி' பெரும்பாலும் தமிழறியாதவர். அவர் மலாயிலும் ஆங்கிலத்திலும் பயின்றவர். அன்பும் திறனும் உடையவர். ஆனால் தோட்டப் பள்ளியோடு படிப்பை நிறுத்திய எழுபது வயது மூதாட்டியின் சொல் அவர்க்கு எட்டுவதில்லை. இடையில் மொழிபெயர்ப்பவர் பேரனோ மருமகளோ ஆவார். பேரன் முன்னிலையில் சிறுநீர்க் கோளாற்றைக் கூற எந்தப் பாட்டியும் கூசுவார். கூசியதால் மறைக்கப்பட்டது மருத்துவக் குறிப்பில் இடம்பெறாது.

மலாக்காவின் தமிழர் அனைவரும் ஒரே மொழிநிலையினர் அல்லர் என்பதையும் இங்குச் சுட்டுதல் வேண்டும். காஜா பெராங் பகுதியில் வாழும் மலாக்காச் செட்டிகள் மலாயைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். முகத்தைக் கண்டு மொழியைத் தீர்மானிக்க இயலாது. நோயாளியின் மொழியைக் கேட்டறிவதே பயிற்சியின் முதற்படியாதல் வேண்டும்.

தகுதி வழக்கும் நோயறிதலும்

நோயைச் சொல்லும் தமிழ் இலக்கணத்திற்குப் புறம்பானதன்று. தகுதி வழக்கினை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என நன்னூல் மூன்றாகப் பகுக்கிறது. வகுப்பறையில் பழைய எடுத்துக்காட்டுகளோடு கடந்துபோகும் இப்பகுதி, மருத்துவமனையில் உயிருள்ள பாடமாகிறது.

'முழுகாம இருக்கா' என்பது கருவுற்றிருத்தலைக் குறிக்கும் இடக்கரடக்கல். அதனைச் சொல்லுக்குச் சொல் மலாயில் பெயர்த்தால் குளிக்காமல் இருக்கிறாள் என்றாகும். ஊடுகதிர்ப் படம் எடுக்கும் முன்னரோ மருந்து தரும் முன்னரோ அறிய வேண்டிய செய்தி இங்குத் தூய்மை பற்றிய செய்தியாகத் திரிந்துவிடும். அம்மை நோயை 'அம்மா விளையாடியிருக்கு' என்பது மங்கலம். தொற்று நோயாளியைத் தனித்து அமரவைக்க வேண்டிய தாதிக்கு இத்தொடர் விளங்காவிட்டால், காத்திருப்போர் கூடத்தில் அந்நோய் பரவ இடமுண்டு.

'மயக்கம்' என்னும் சொல் தலைசுற்றலையும் குறிக்கும், நினைவிழத்தலையும் குறிக்கும், அரைத்தூக்க நிலையையும் குறிக்கும். சிவப்பு, மஞ்சள், பச்சை எனத் தரம் பிரிக்கும் அவசரப் பிரிவில் இம்மூன்றும் ஒன்றல்ல. 'நினைவு இருந்துச்சா, சுத்தி இருந்தவங்க பேசுனது காதுல விழுந்துச்சா?' என்னும் அடுத்த வினாவே பொருளைத் தெளிவாக்கும். 'வாய்வு புடிச்சிருக்கு' என்பதும் அவ்வாறே. அது செரிமானக் கோளாறாக இருக்கலாம். மாரடைப்பின் முன்னறிவிப்பாகவும் இருக்கலாம். இனிப்பு நீர் உடைய முதியோர்க்கு மாரடைப்பு கடும் நெஞ்சுவலியின்றியும் வரக்கூடும் என்பதால், 'வாய்வு' என்ற சொல்லைக் கேட்டவுடன் கடந்துபோதல் ஆபத்தானது.

இவை அனைத்தினும் கருதத்தக்கது 'மருந்து' என்னும் சொல். வள்ளுவர் அதிகாரத் தலைப்பாக்கிய அதே சொல், தோட்டத்தில் பூச்சிக்கொல்லிக்கும் களைக்கொல்லிக்கும் பெயர். 'மருந்து அடிக்கிறாள்' என்றால் தெளிப்பு வேலை செய்கிறாள் என்பது பொருள். 'மருந்து குடிச்சிட்டா' என்றால், சூழலைப் பொறுத்து, மருத்துவர் தந்ததைக் குடித்தாள் என்றும் பொருள்படும். நஞ்சுண்டாள் என்றும் பொருள்படும். பதறி ஓடிவந்த உறவினர் கூறும் இத்தொடரை இளம் தாதி முதற்பொருளில் கொண்டால் இழக்கும் நேரம் பெரிது. களைக்கொல்லிகளுள் பாராகுவாட் உட்கொண்டவர்க்குத் தேவையின்றி உயிர்வளி தருவது நுரையீரல் சிதைவை மிகுவிக்கக்கூடும். வழக்கமான முதலுதவியே தீங்காகும் அரிய நிலை அது. ஆகவே 'எந்த மருந்து, போத்தல் எங்கே?' என்று கேட்பது உயிர்காக்கும் வினா.

தெளிப்பு வேலை பார்த்த பெண்களின் உடல்நலக்கேடு பற்றித் தெனாகனித்தா அமைப்பு 2002இல் ஆய்வறிக்கை வெளியிட்டதும், பாராகுவாட்டுக்கு அதே ஆண்டில் அறிவிக்கப்பட்ட தடை 2006இல் தளர்த்தப்பட்டுப் பின் 2020 சனவரி முதல் நாள் முழுமையாக நடைமுறைக்கு வந்ததும் நாடறிந்த செய்திகள். ஒரு வேதிப்பொருள் தடைசெய்யப்படலாம். தோட்டத் தமிழில் நஞ்சுக்கு 'மருந்து' என்று வழங்கும் பெயர் அதனால் மறைந்துவிடாது.

தமிழ்த்துறையின் பணி

மேற்கூறியவற்றைக் கைப்பேசி விளையாட்டுக்கு எதிரான வாதமாகக் கொள்ளலாகாது. மாறாக, கேட்டல் பயிற்சிக்குக் கைப்பேசி மிகவும் ஏற்ற கருவியாகும். அது ஒலியைத் தரும். சலிப்பின்றித் திரும்பச் சொல்லும். தவறாகக் கேட்ட மாணவரைப் பிறர் முன்னிலையில் நாணச் செய்யாது. தேவைப்படுவது, நோயாளியின் பேச்சை மதிப்பெண்ணுக்குரியதாக்கும் விதியே.

அத்தகைய விளையாட்டின் அமைப்பு எளிதாகவே இருக்கலாம். மூதாட்டி ஒருவரின் குரல் கேட்கிறது: 'காலையிலேர்ந்து ஒரே மயக்கமா வருதுய்யா.' மாணவர் உடனே சிகிச்சையைத் தேர்ந்தெடுக்க இயலாது. அடுத்த வினாவையே தேர்ந்தெடுத்தல் வேண்டும். வினா பொருந்தினால் மூதாட்டி மேலும் பேசுவார். பொருந்தாவிட்டால் 'ஒண்ணுமில்ல' என்று அடங்கிவிடுவார். பெயர் சொல்லி அழைத்தால் ஒரு விடையும், 'பாட்டி' என அழைத்தால் வேறொரு விடையும் வரலாம். பேரன் அருகில் இருக்கும்போது கிடைக்காத செய்தி, அவரை வெளியே இருக்கச் சொன்னபின் கிடைக்கலாம். நோயாளியின் அமைதியும் ஒரு குறிப்பு என்பதை மாணவர் இவ்வாறு விதியின் வழியாகவே உணர்வார். தமிழறியாத மாணவர்க்குச் சில பத்துத் தொடர்களைக் காதால் இனங்காணப் பழக்கினாலே போதும். அவர் தமிழறிஞராக வேண்டியதில்லை.

இத்தொடர்களைத் தொகுத்து, பொருள் வேறுபாடுகளை வரையறுத்து, உரையாடல்களாக எழுதித் தர வேண்டியவர் யார்? தாதியர் கல்லூரியும் மென்பொருள் வல்லுநரும் தனித்து இதனைச் செய்ய இயலாது. இது வட்டார வழக்காய்வு, சொற்பொருளியல், நாடகம் எழுதும் கலை. இவை நம் துறைக்குரியவை.

ஆனால் இதற்கு நாம் ஒரு மனத்தடையைக் கடக்க வேண்டியுள்ளது. மேடையிலும் வகுப்பறையிலும் 'நீரிழிவு' என்பதே சரி, 'இனிப்பு நீர்' கொச்சை என்று திருத்துவது நம் வழக்கம். 'டாரா திங்கி' என்று மலாய்ச் சொல்லால் இரத்தக் கொதிப்பைக் குறிப்பவரைப் பார்த்து வருந்துகிறோம். பொதுத்தமிழைப் பேணும் அக்கடமை தவறன்று. ஆயினும் நோயுற்றவர் தம் சொல்லில்தான் பேசுவார். 'தங்களுக்குத் தலைசுற்றல் ஏற்படுகின்றதா?' என்று செந்தமிழில் எழுதப்பட்ட விளையாட்டு, ஆங்கிலத்தில் எழுதப்பட்டதைப் போன்றே மலாக்காவின் மூதாட்டிக்குத் தொலைவில் நிற்கும். கலைச்சொல்லாக்கத்தில் நாம் காட்டிய உழைப்பில் ஒரு பகுதியையேனும் நோயாளியின் சொல்லைத் தொகுப்பதில் காட்டவில்லை என்பதை இங்கு எண்ணிப் பார்த்தல் தகும்.

எதிர்வாதம் ஒன்றும் உண்டு. இத்தகைய விளையாட்டு தோட்டத்துத் தமிழரை அறியாமை மிக்கவராகச் சித்திரித்து, ஏளனத்திற்கு வழிவகுக்கும் என்பர். இவ்வச்சம் நியாயமானது. வேறோர் இனத்தாரின் பேச்சைப் போலி செய்து நகைச்சுவையாக்கும் வழக்கம் நம் நாட்டு ஊடகங்களுக்குப் புதிதன்று. அதற்கு மாற்று, அப்பேச்சை மறைப்பதன்று. அதனைப் பேசுவோரையே குரல் கொடுக்கச் செய்து, அவர் சொல்லில் உள்ள நுட்பத்தை விளையாட்டின் விதி மதிக்குமாறு செய்வதாகும். கடுப்பு, குடைச்சல், குத்தல், எரிச்சல், உளைச்சல், இழுப்பு, பிடிப்பு என வலியை இத்துணை நுட்பமாகப் பிரித்துரைக்கும் மக்களை அறியாதவர் என்பது பொருந்தாது. அவற்றை எல்லாம் 'வலி' என்ற ஒரே பெட்டியில் குறியிடும் படிவமே குறையுடையது.

முடிவுரை

மருத்துவப் பயிற்சிக்கான விளையாட்டுகளைப் பற்றிய சான்றுகள் இன்னும் வளர்ந்துவரும் நிலையிலேயே உள்ளன. 2013இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, உடல்நலப் பணியாளர்க்கான கல்வி விளையாட்டுகள் குறித்துத் தரமான சோதனைகள் இரண்டே கிடைத்தன எனக் கூறியது. அதன்பின் ஆய்வுகள் பெருகியுள்ளன. நாம் மேலே கண்டவை, இவ்விளையாட்டுகள் படிமுறையையும் விரைந்து தீர்மானித்தலையும் கற்பிக்க வல்லவை என்பதையும், நோயாளியின் சொல்லுக்குச் செவிசாய்த்தலை அவை பெரும்பாலும் விட்டுவிட்டன என்பதையும் காட்டுகின்றன.

மலாக்காவில் இவ்விடைவெளி மொழியின் இடைவெளியாகவே உள்ளது. தோட்டப் பேச்சைத் தாய்ப்பாலோடு பருகிய தலைமுறை முதுமையடைந்து, மருத்துவமனைக்கு அடிக்கடி செல்லும் பருவத்தில் இருக்கிறது. அவர்கள் சொற்களைப் பதிவுசெய்ய நமக்கு எஞ்சியிருக்கும் காலம் குறுகியது. இப்பணியைத் தமிழ்த்துறை மாணவரின் களப்பணியாகவும், மாநிலத் தமிழாசிரியரின் துணையோடு நடைபெறும் தொகுப்பாகவும், தாதியர் பயிற்சிக் கல்லூரியோடு கூட்டு முயற்சியாகவும் மேற்கொள்ளலாம். நன்னூலின் தகுதி வழக்கை விளக்கும் ஆசிரியர் 'முழுகாம இருக்கா' என்பதையும் 'மருந்து குடிச்சிட்டா' என்பதையும் கரும்பலகையில் எழுதி, இவற்றைத் தமிழறியாத மிஸ்ஸி ஒருவர்க்கு எவ்வாறு விளக்குவீர் என மாணவரைக் கேட்பாராயின், அப்பணி அவ்வகுப்பறையிலேயே தொடங்கிவிட்டது எனலாம்.